முதல் மாரத்தானுக்கு உடலைப் பழக்குதல்

மும்பை நகரில் ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, பொழுது புலர்வதற்கு முன்பே, பல்லாயிரக்கணக்கான மக்கள் சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்தை அடுத்த சாலைகளில் திரளுகின்றனர். 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய மும்பை மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொள்ள வருபவர்கள் அவர்கள். அவர்களுள் பரிசை நாடி ஓடுவோர் மிகச் சிலரே. ஏனையோர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஆலைகளிலும் பணிபுரியும் ஆடவரும் பெண்டிரும் ஆவர். 42.195 கிலோமீட்டர் தொலைவை வாழ்நாளில் ஒருமுறையேனும் ஓடி முடிக்க வேண்டும் என்பதே அவர்களுள் பலருடைய விருப்பம்.

டில்லி, சென்னை, ஐதராபாத் முதலிய நகரங்களிலும் இத்தகைய ஓட்டங்கள் நடைபெறுகின்றன. இவற்றில் சேர விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் தங்கள் ஊரிலுள்ள ஆசிரியரையோ களப்பணியாளரையோதான் யோசனை கேட்கின்றனர். "எத்தனை நாளில் தயாராகலாம்?" என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட வல்ல ஒருவருக்கு ஏறத்தாழ ஐந்தரை மாதங்கள், அதாவது 24 வாரங்கள், தேவை என்பது அதற்குரிய விடை. இரண்டு மாதங்களில் ஏன் முடியாது என்பதை விளங்கிக்கொள்ள, ஓடும்போது உடலினுள் நிகழ்வனவற்றை அறிதல் வேண்டும்.

பழைய ஓட்டங்கள் கற்பித்த பாடம்

முதல் ஒலிம்பிக் மாரத்தான் 1896-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நடைபெற்றது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவை, கிரேக்க நாட்டு ஸ்பிரிடான் லூயிஸ் என்பவர் 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் கடந்து வென்றார். இன்று வழங்கும் 42.195 கிலோமீட்டர் அளவு 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது.

அக்காலத்தில் நீரின் தேவையும் வெப்பத்தின் தீங்கும் நன்கு உணரப்படவில்லை. 1904-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கடும் வெயிலில் நடைபெற்ற ஓட்டத்தில், வழியில் நீருக்குப் போதிய ஏற்பாடு இல்லை. புறப்பட்ட 32 பேரில் 14 பேரே இலக்கை அடைந்தனர். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் போர்ச்சுகல் நாட்டு வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வெப்பத்தினால் வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்தார். இவர்களிடம் மனவுறுதிக்குக் குறைவில்லை. மனவுறுதியால் மாற்ற முடியாத சில எல்லைகள் உடலுக்கு உண்டு. அவ்வெல்லைகளை உரிய காலத்தில் சிறிது சிறிதாக விரித்துக்கொள்வதே பயிற்சி எனப்படுவது.

தசைகளின் எரிபொருள்

ஓடுபவர் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு, தம் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி வீதம் ஆற்றலைச் செலவிடுகிறார். (இங்குக் குறிப்பது உணவியலில் வழங்கும் கலோரியாகும்.) ஆகவே 60 கிலோகிராம் எடையுள்ளவர் மாரத்தான் தொலைவை ஓடி முடிக்கச் சுமார் 2,500 கலோரி வேண்டும்.

இவ்வாற்றல் இரண்டு சேமிப்புகளிலிருந்து கிடைக்கிறது. ஒன்று, கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள். இது தசைகளில் 300 முதல் 400 கிராம் வரையிலும், கல்லீரலில் சுமார் 100 கிராமும் இருக்கும். ஒரு கிராமுக்கு 4 கலோரி வீதம் கணக்கிட்டால் கிடைப்பது 1,600 முதல் 2,000 கலோரி. அதிலும் கைகளின் தசையிலுள்ள கிளைக்கோஜனைக் கால்களுக்கு அனுப்ப உடலில் வழியில்லை. ஒவ்வொரு தசையும் தன் சேமிப்பைத் தானே செலவிட வேண்டும். மற்றொன்று கொழுப்பு. மெலிந்த உடலினரிடமும் பல்லாயிரம் கலோரி தரக்கூடிய கொழுப்பு உண்டு. ஆனால் கொழுப்பிலிருந்து ஆற்றல் மெதுவாகவே வெளிப்படும். அதே அளவு ஆற்றலைப் பெற அதற்குப் பிராணவாயுவும் சற்று அதிகமாக வேண்டும்.

வேகம் கூடக் கூடக் கிளைக்கோஜனின் பங்கு கூடுகிறது. வேகம் குறையும்போது கொழுப்பின் பங்கு மிகுகிறது. தொடக்கத்தில் விரைந்து ஓடிய புதியவர், 30 கிலோமீட்டரை அண்மும்போது கால்கள் கனத்து, அடியெடுத்து வைக்கவும் இயலாமல் தளர்வதற்குக் காரணம் இதுவே. 1924-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, மிகவும் தளர்ந்து வந்தவர்களிடம் இரத்தச் சர்க்கரை பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டனர். மறு ஆண்டு ஓட்டத்தின் இடையே இனிப்புகள் உண்ணச் செய்ததில், ஓடியவர்களின் நிலை தெளிவாக மேம்பட்டது. 1967-இல் சுவீடனின் ஆராய்ச்சியாளர்கள் தசையிலிருந்து சிறு துணுக்கெடுத்துச் சோதித்து, தசையில் உள்ள கிளைக்கோஜனின் அளவே கடும் உழைப்பை எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று காட்டினர்.

உடலின் பகுதிகள் மாறும் வேகம்

பயிற்சியினால் உடல் முழுவதும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. புதிதாகப் பயிற்சி பெறுவோர் அனைவரும் அறிய வேண்டிய தலையாய உண்மை இது.

முதலில் மாறுவது இரத்தம். பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதனால் அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு குறைகிறது. நான்காம் வாரத்தில் மூச்சிரைப்புக் குறைந்து, ஓட்டம் எளிதாகிவிட்டது என்ற எண்ணம் பிறக்கிறது.

அடுத்து மாறுவன தசைகள். தசையிழைகளைச் சூழ்ந்துள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உணவுப்பொருளைப் பிராணவாயுவுடன் சேர்த்து எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளும் மிகுகின்றன. எலிகளை நாள்தோறும் ஓடப் பழக்கியபோது, அவற்றின் தசை மைட்டோகாண்ட்ரியாவின் எரிக்கும் திறன் ஏறத்தாழ இருமடங்கானதை 1967-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜான் ஹாலசி நிறுவினார். இம்மாறுதலால் கொழுப்பை எரிக்கும் ஆற்றல் வளர்ந்து, கிளைக்கோஜன் மிச்சப்படுகிறது. இதற்குப் பல வாரங்கள் செல்லும்.

இறுதியாக மாறுவன எலும்பும், தசையை எலும்புடன் பிணைக்கும் நாண்களும். மாரத்தான் தொலைவை ஓடுபவர் 40,000-க்கு மேற்பட்ட முறை நிலத்தில் அடிவைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் உடலெடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் தாக்குகிறது. இத்தாக்குதலுக்கு ஏற்ப எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆயின் பழைய எலும்புப் பகுதியை அகற்றும் வேலை சுமார் மூன்று வாரங்களில் முடிந்துவிட, புதிய எலும்பு படிந்து உறுதிபெற ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் அவ்விடம் முன்னிருந்ததைவிட வலிவு குன்றியே இருக்கும்.

இதயம் 'இன்னும் ஓடலாம்' என்று சொல்லும் அதே வேளையில் எலும்பு அதற்குத் தயாராக இல்லை என்பதால், இரண்டாம் மூன்றாம் மாதங்களிலேயே பலர் காயமுறுகின்றனர். படையில் புதிதாகச் சேர்ந்து நெடுந்தொலைவு நடக்க நேர்ந்த வீரர்களுக்குப் பாதம் வீங்கி வலி காண்பதை, பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹவுப்ட் 1855-இலேயே எழுதி வைத்தார். எலும்பில் நுண்ணிய விரிசல் ஏற்படுவதே அதன் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

சாதாரணத் தசைவலிக்கும் எலும்பின் வலிக்கும் வேற்றுமை அறிவது எளிது. தசைவலி இரு கால்களிலும் பரவலாகத் தோன்றி, இரண்டு மூன்று நாட்களில் நீங்கும். எலும்பின் வலியோ ஒரு விரலால் சுட்டிக்காட்டத்தக்க ஓரிடத்தில் நிற்கும்; ஓட ஓட மிகும்; பின்னர் நடக்கும்போதும் தொடரும். இத்தகைய வலி கண்டால் ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். வலி நீக்கும் மாத்திரையை விழுங்கி ஓடுவது எச்சரிக்கையை மறைப்பதாகும். நெடுந்தொலைவு ஓடும்போது சிலவகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யக்கூடும்.

இருபத்து நான்கு வாரத் திட்டம்

மெதுவாக மாறும் உறுப்புக்கு ஏற்பத் திட்டம் அமைய வேண்டும் என்பது மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும். ஜனவரித் திங்களில் ஓட விரும்புபவர் ஆகஸ்டுத் தொடக்கத்தில் பயிற்சியை ஆரம்பிக்கலாம். வாரத்தில் நான்கு நாட்கள் ஓடுவது போதுமானது. ஏனைய நாட்களில் ஓய்வோ நடையோ கொள்ளலாம். நான்கு ஓட்டங்களில் ஒன்று மட்டும் நெடிய ஓட்டமாக இருக்கட்டும்.

முதல் எட்டு வாரங்களில் வாரத் தொலைவு 20 கிலோமீட்டரில் தொடங்கி 30 வரை உயரலாம். நெடிய ஓட்டம் 6-இலிருந்து 12 கிலோமீட்டர் ஆகும். அடுத்த எட்டு வாரங்களில் வாரத் தொலைவு 40-ஐச் சற்றே கடக்கலாம். நெடிய ஓட்டம் 21 கிலோமீட்டரை எட்டும். 17-ஆம் வாரம் முதல் 21-ஆம் வாரம் வரை நெடிய ஓட்டங்கள் முறையே 24, 26, 18, 28, 30 கிலோமீட்டராக இருக்கலாம். இடையில் வரும் 18 ஓய்வுக்காகக் குறைத்தது. இதுபோல ஒவ்வொரு நான்காம் வாரத்தையொட்டியும் தொலைவை நான்கில் ஒரு பங்காவது குறைத்தல் வேண்டும். உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்வது அவ்வாரத்தில்தான்.

நெடிய ஓட்டத்தை 30 கிலோமீட்டருடனோ மூன்றரை மணி நேரத்துடனோ, எது முந்துகிறதோ அதனுடன் நிறுத்திக்கொள்க. முழுத்தொலைவையும் முன்கூட்டியே ஓடிப்பார்க்க வேண்டுவதில்லை. அதனால் பெறும் நன்மையைவிட, அதன் களைப்பு தீரச் செல்லும் நாட்களின் இழப்பே பெரிது. கடைசி மூன்று வாரங்களில் பயிற்சியின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, பாதியளவுக்கும் கீழே கொண்டுவர வேண்டும். இக்காலத்தில் தசைகளில் கிளைக்கோஜன் நிறைகிறது. சிறு காயங்கள் ஆறுகின்றன. விட்ட பயிற்சியை இவ்வாரங்களில் ஈடுசெய்ய முயல்வது தவறு.

வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டா. உடன் ஓடுபவருடன் முழு வாக்கியங்களாகப் பேச முடியுமானால் அவ்வேகம் ஏற்றது. மூச்சு வாங்கி இரண்டொரு சொல்லே பேச முடியுமானால் அது மிகுதி. ஐந்து ஓட்டங்களில் நான்கேனும் பேசக்கூடிய வேகத்தில் அமைதல் நன்று. இடையிடையே ஒரு நிமிடம் நடப்பதிலும் இழுக்கில்லை.

வெப்பமும் வியர்வையும்

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் காற்றின் ஈரம் மிகுதி. அக்டோபரில் வெயில் மீண்டும் ஏறும். நம் நாட்டில் பயிற்சி பெறுவோர் வெப்பத்தைப் பற்றி அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஐந்து மணி நேரத்தில் மாரத்தானை முடிக்கும் வேகத்தில் ஓடும் 60 கிலோகிராம் எடையினர், மணிக்குச் சுமார் 500 கலோரி செலவிட்டு, 400 கலோரி வெப்பத்தை உண்டாக்குகிறார். இவ்வெப்பம் வெளியேறாவிடில் அவர் உடலின் வெப்பநிலை ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் ஏறிவிடும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுசெல்கிறது. எனவே மணிக்குச் சுமார் 700 மில்லிலிட்டர் வியர்வை ஆவியானால் உடல் நிலைகொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்தபோது வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகிறது. சொட்டும் வியர்வையால் உடல் நீரை இழக்கிறதேயன்றி, குளிர்ச்சி பெறுவதில்லை. புழுக்கமான நாட்களில் வேகத்தைக் குறைப்பது ஒன்றே தக்க வழி.

வெப்பத்துக்கு உடலைப் பழக்கலாம். நாள்தோறும் மிதமாக வெப்பத்தில் உழைத்து வந்தால் பத்து முதல் பதினான்கு நாட்களில் வியர்வை விரைவில் சுரக்கத் தொடங்கும், அதிலுள்ள உப்பு குறையும், நாடித்துடிப்பு தணியும். குளிர்ந்த ஊரிலிருந்து வருபவர் இதை மறத்தலாகாது. சில வாரங்கள் விட்டுவிட்டால் இப்பழக்கம் மறைந்தும் போகும்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. 1978-இல் ஜாலந்தரில் சிவநாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடி நிறுவிய தேசியச் சாதனை 40 ஆண்டுகளுக்கு மேல் முறியாமல் நின்றது. அத்தகைய வீரர் வெயில் ஏறும் முன்பே ஓட்டத்தை முடித்துவிடுவார். அதிகாலை 5 மணிக்குப் புறப்படும் புதியவரோ 10 மணி வெயிலிலும் ஓடிக்கொண்டிருப்பார். மும்பையில் ஓட்டத்தின் இறுதிப்பகுதியில்தான் பெடர் சாலை ஏற்றமும் எதிர்ப்படுகிறது. ஆகவே மெதுவாக ஓடுபவருக்குத்தான் முன்னேற்பாடு அதிகம் தேவை.

உடலின் உள்வெப்பம் 40 செல்சியஸ் பாகையைக் கடந்து, ஓடுபவர் நிலைதடுமாறினாலோ, தொடர்பின்றிப் பேசினாலோ, மயங்கி வீழ்ந்தாலோ, அது உயிருக்கு ஆபத்தான வெப்பத்தாக்கு ஆகும். தோல் வியர்வையால் ஈரமாக இருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. மருத்துவ உதவிக்கு ஆளனுப்பிவிட்டு, உடனே கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமிழ்த்த வேண்டும். தொட்டி இல்லையேல் உடல் முழுவதும் பனிநீர் ஊற்றி விசிறவேண்டும். முதலில் குளிர்வித்தல், பின்னரே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் என்பது இதில் விதி.

நீர் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு

நீரின்மையின் தீங்கை யாவரும் அறிவர். மிகையாக நீர் பருகுவதன் தீங்கைப் பலர் அறியார். வியர்வை வழியே நீருடன் உப்பும் வெளியேறுகிறது. இழந்ததைவிட அதிகமாக வெறும் நீரைப் பருகினால் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்து, மூளை வீங்க இடமாகும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேரிடம் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும் இக்குறை மிகுதி.

தாகத்துக்கு ஏற்பப் பருகுதல் பொதுவான நெறி. பயிற்சியின்போது, நெடிய ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக்கொண்டால் ஒருவர் தம் தேவையை அறியலாம். ஒரு கிலோகிராம் எடை குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் இழந்ததாகக் கொள்ளலாம். சிறிது எடை குறைவது இயல்பே. எடை கூடியிருந்தால் நீர் மிகையாகிவிட்டது என்று பொருள். உப்பிட்ட எலுமிச்சை நீரும் மோரும் நம் நாட்டில் எளிதில் கிடைப்பவை.

உணவும் உடற்சோதனையும்

ஓடுபவருக்கெனத் தனி உணவு எதுவும் வேண்டுவதில்லை. சோறு, இட்லி, சப்பாத்தி, கேழ்வரகு, பருப்பு, பால், கீரை, பழம் ஆகியவை கொண்ட முறையான உணவே போதும். ஓட்டத்துக்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் மாவுப்பொருள் மிகுந்த உணவை வழக்கத்தைவிடக் கூட்டிக்கொள்வதால் கிளைக்கோஜன் சேமிப்பு நிறையும். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை சர்க்கரைச்சத்துப் பெறுவது பயன் தரும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் கிடைக்கிறது. எதையும் பயிற்சியின்போதே உண்டு பழகிக்கொள்ள வேண்டும். புதிய உணவையோ புதிய காலணியையோ ஓட்ட நாளன்று முதன்முறையாகச் சோதிக்கலாகாது.

பிராணவாயுவைத் தசைக்குக் கொண்டுசெல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது குறைந்திருந்தால் எத்துணைப் பயிற்சியும் முழுப்பயன் தராது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஆதலால் பயிற்சி தொடங்கும் பெண்கள் இரத்தச் சோதனை செய்துகொள்வது முதற்கடமை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு அல்லது இரத்தக் கொதிப்பு உடையவர்களும், உழைக்கும்போது மார்பு வலியோ மயக்கமோ கண்டவர்களும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்தவர்களும் மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். காய்ச்சல் இருக்கும்போதும், அது நீங்கிய உடனேயும் ஓடலாகாது. சில காய்ச்சல்களில் இதயத் தசையும் அழற்சியுறுவது உண்டு. பள்ளிச் சிறுவர்களை மாரத்தான் தொலைவுக்குப் பழக்குதல் தகாது. மும்பையில் முழு மாரத்தானுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. வளரும் எலும்புக்குக் குறுகிய ஓட்டங்களும் விளையாட்டுகளுமே ஏற்றவை.

ஓட்ட நாளன்று

முதல் பத்துக் கிலோமீட்டரை, ஓடக்கூடிய வேகத்தைவிடச் சற்று மெதுவாகவே ஓட வேண்டும். அப்போது மிச்சமாகும் கிளைக்கோஜன் 30 கிலோமீட்டருக்கு அப்பால் உதவும். கூட்டத்தின் ஆரவாரத்தில் விரைந்து புறப்பட்டு, பின்னர் தளர்ந்து நிற்போர் ஒவ்வோர் ஆண்டும் பலர். தலைச்சுற்றல், குளிர் நடுக்கம், மார்பில் வலி, மனக்குழப்பம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நின்று உதவி நாட வேண்டும். இலக்கை அடையாமல் நிற்பவர் அடுத்த ஆண்டு மீண்டும் ஓடலாம்.

பயிற்சி கேட்டு வரும் இளைஞரிடம் ஆசிரியரும் களப்பணியாளரும் நாள்குறிப்பு ஒன்றை எழுதி வரச் சொல்லலாம். அன்றன்று ஓடிய தொலைவு, காலையில் எழுந்தவுடன் எண்ணிய நாடித்துடிப்பு, உறக்கம், வலி இருந்தால் அதன் இடம் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். ஓய்வுநேர நாடித்துடிப்பு சில நாட்கள் தொடர்ந்து வழக்கத்தைவிட உயர்ந்திருந்தாலோ, ஒரே இடத்தில் வலி நீடித்தாலோ, அவ்வாரப் பயிற்சியைக் குறைக்கும்படி கூறவேண்டும். இருபத்து நான்கு வாரம் என்பது பலருக்கும் பொருந்தும் ஒரு கணக்கே. ஒருவருடைய உடல் இன்னும் சில வாரங்கள் கேட்குமானால் அவற்றைக் கொடுப்பதே முறை.